வந்ததை வந்தது என்று பதிந்தவர்

ரப்பர் ஸ்டாம்ப் காகிதத்தில் விழும் சத்தம் கேட்கும் இடத்துக்கு நான் இன்றும் போவதில்லை. வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போக வேண்டியிருந்தால் மகனை அனுப்பிவிடுவேன். சமீபம் வரை வாசலில் யாராவது வந்து நின்றாலும் அவன்தான் போய்ப் பார்ப்பான். முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வேன். வலி இருப்பதும் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

அந்தச் சத்தத்தின் சொந்தக்காரர், ஷார்ஜாவில் முவைலாவுக்கு அப்பால் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சைட் ஆபீஸில் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருந்தார். வருகிற கடிதம், வரைபடம், புகார் எல்லாவற்றையும் வாங்கி, நம்பர் போட்டு, உரியவருக்கு அனுப்பும் வேலை. ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர். அவர்கள் பேச்சில் அண்ணனைக் காக்கா என்பார்கள். சைட்டில் இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அப்படிக் கூப்பிடக் கூப்பிட, எல்லோருக்கும் அவர் காக்கா ஆகிவிட்டார். அவரைவிடப் பதினாறு வயது மூத்தவனான எனக்கும்கூட. நான் அங்கே அட்மின் மேனேஜர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அது போதும்.

காக்காவின் மேஜைக்கு எது வந்தாலும் அது பதியப்படும். டக் என்று ஸ்டாம்ப். தேதி, நேரம், நம்பர், சின்னக் கையெழுத்து. அன்றைக்கே, வந்து சேர்ந்தது என்று அனுப்பியவருக்குப் பதில். ஷவர்மா கடை விளம்பரத் தாளை ஒருவன் விளையாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். அதுவும் பதியப்பட்டு, "தகவலுக்கு" என்று என் ட்ரேக்கு வந்தது.

ஒருமுறை டிரைவர் ஒருவன் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி அவர் மேஜையில் வீசிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் வந்து கெஞ்சினான்.

"காக்கா, அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க காக்கா. ஒரு வேகத்துல எழுதிட்டேன்."

"வந்துருச்சே தம்பி. வந்ததை எப்படி வரலைன்னு சொல்லுவேன்?"

"புள்ளைகுட்டிக்காரன் காக்கா நான்."

"அதுக்கென்ன, வாபஸ் வாங்கிக்கிறேன்னு இன்னொண்ணு எழுதிக் குடு. அதையும் வாங்கிக்கிறேன்."

டிரைவர் எழுதிக் கொடுத்தான். அதற்கும் டக். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து எனக்கு அனுப்பினார். டிரைவரின் வேலை தப்பியது. அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எங்கோ ஒரு குளிர் ஓடியதும் நினைவிருக்கிறது. இந்த மனிதரிடம் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது என்கிற குளிர்.

அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அதைக் கேட்டால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள்.

ஷார்ஜாவுக்கு வருவதற்கு முன் அவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். அங்கே வேல்ஸ் நாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையப் பாட்டு சி.டி.க்களை விட்டுப் போனார். எல்லாம் ஒரே குழுவினுடையவை. ஐந்து பேர். நாட்டுப்பாட்டும் பாப்பும் கனவும் காய்ச்சலும் கலந்த மாதிரி ஒரு இசை. பாதிப் பாட்டுகள் ஆங்கிலத்தில், பாதி வேல்ஸ் மொழியில். தொலைந்துபோன ஆட்டுக்காக ஒரு பாட்டு. அதில் ஹார்மோனியமும் பொம்மைப் பியானோவும் ஒன்றோடொன்று சண்டை போடும். தகரக் கூரையில் விழும் மழையையும் ஒரு பெண் சிரிப்பதையும் மட்டுமே வைத்து இருபது நிமிடத்துக்கு ஒன்று. மேடையில் ஒருவர் தலையில் விளக்குக் கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு பாடுவாராம். குழுவின் பெயர் ஒரு நீண்ட வேல்ஸ் சொல். காக்கா அதை அழகாகச் சொல்வார். தமிழில் எழுதினால் பிழையாகிவிடும்.

"என்ன காக்கா, அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். ஆனா பாருங்க, ஊர்ல பாதிப் பேருக்கு விளங்காத பாஷையில பாடுறாஹ. அதுக்காகக் கொஞ்சம்கூட வெக்கப்படலை அவஹ. அது புடிச்சுப்போச்சு."

குழு கலைந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ரசிகர்கள் மட்டும் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்து மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய நினைவுகளையும் படங்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு போட வேண்டும் என்று வேல்ஸில் ஒருவர் ஆரம்பித்து, பாதியில் இறந்துபோனார். இதை யார் ஏற்றுக்கொள்வது என்று மற்றவர்கள் கேட்டபோது அன்றைக்கே பதில் போட்டவர் காக்கா ஒருவர்தான். தொகுப்பாசிரியர் ஆகிவிட்டார்.

அப்புறம் வரத் தொடங்கின. வேல்ஸில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் கடிதங்கள். ஜப்பானிலிருந்து ஒரு நர்ஸ் வரைந்த ஆடு. அர்ஜென்டினாவில் வேல்ஸ் மொழி பேசும் ஒரு குடும்பம் இருக்கிறதாம், அவர்களுடைய கவிதை. ஒவ்வொன்றையும் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, ஸ்டாம்ப் அடித்து, நம்பர் போட்டு, கைபேசியில் படம் பிடித்துவைத்தார். ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தவில்லை. "வந்தது வந்தபடி போகும் சார்."

அவர் செய்த பிழை இதுதான். எல்லாவற்றையும் ஒரே ரெஜிஸ்டரில் பதிந்தார். கான்கிரீட் சோதனை அறிக்கைக்கு அடுத்த வரியில் ஜப்பான் ஆடு.

நான் எச்சரித்தேன். "காக்கா, ஆபீஸுக்கு ஒண்ணு, உங்க பாட்டு புஸ்தகத்துக்கு ஒண்ணுன்னு தனியா வைங்க."

"ரெண்டு புக்கு வச்சா ஒண்ணுல பொய் வந்துரும் சார். தம்மாம்ல பாத்திருக்கேன். ஒரே புக்குன்னா நம்பர் தொடர்ந்து வரும். நடுவுல ஒண்ணை உருவ முடியாது."

என்னையும் எழுதச் சொன்னார். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவன். அந்த ஆட்டுப் பாட்டை சைட் கேபினில், வெளியே புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் கண் முன்னால் டக் என்று அடித்தார். நம்பர் நூற்று எண்பத்தேழு. அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது சொல்லக் கூசுகிறது.

ஒரு புதன்கிழமை. நான் அவர் கேபினில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மனிதர், காக்காவைப் பாய் என்று கூப்பிடும் ஒரே ஆள். காலெல்லாம் ஈர மண். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

"பாய், நீங்க சொன்ன மாதிரி எழுதிட்டேன். ஆனா தமிழ்லதான் எழுத வந்துச்சு. எடுத்துப்பாங்களா?"

"வேல்ஸ் பாஷையில வந்ததையே வாங்கி வச்சிருக்கேன். தமிழுக்கு என்னப்பா கொறச்சல்? குடு."

டக்.

"பாய், மறந்துபோய்ப் பாட்டு புஸ்தகத்துல சேத்துடாதீங்க!" என்று ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே போனார்.

நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு. காக்கா அதை என்னிடம் நீட்டினார். "சார், இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே மேனேஜருக்கு அனுப்பிருவேன்." ரெஜிஸ்டரில் "யாரிடம்" என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தாளை என் ட்ரேயில் வைத்தேன். படிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் காக்கா எட்டிப் பார்த்து நினைவுபடுத்தினார். "ஆகட்டும், ஆகட்டும்" என்றேன். வெள்ளி விடுமுறை.

சனிக்கிழமை காலை, அஸ்திவாரத்துக்குத் தோண்டிய ஆறாம் நம்பர் குழியின் பக்கவாட்டு மண் சரிந்தது. உள்ளே இருந்த ஒரு தொழிலாளி மண்ணுக்குள் போனார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

சைட் முழுக்க ஓட்டமும் கூச்சலுமாக இருந்தபோது நான் என் கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் தடவையாக அந்தத் தாளைப் படித்தேன்.

"ஐயா, ஆறாம் நம்பர் குழியில் மண் பொலபொலவென்று உதிர்கிறது. பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை ஆள் இறக்க முடியாது என்றால் மேலே இருந்து யல்லா யல்லா என்று விரட்டுகிறார்கள். வாயால் சொன்னால் கேட்கவில்லை. எழுத்தில் கொடுத்தால் கேட்பார்கள் என்று பாய் சொன்னார். அதனால் எழுதுகிறேன்."

தாளை மடித்தேன். முதலில் இறந்தவரைத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. ரெஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அந்த வயதில் அங்கே ஒவ்வொரு முறை விசா புதுப்பிப்பதும் ஒருவருடைய தயவு. என் மனைவிக்கு அங்கேதான் டயாலிசிஸ் நடந்தது, கம்பெனி இன்ஷூரன்ஸில். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. அன்று என்னுள் இருந்தது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாளை, காகிதத்தை நார் நாராகக் கிழிக்கும் ஷ்ரெடரில் விட்டேன். மூன்று நொடிகூட ஆகவில்லை.

ஃபோர்மேன் மேல் பழி விழுந்தது. முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கியது அவர்தான் என்று ஆயிற்று. "நான் முன்னாடியே எழுதிக் குடுத்தேன் சார், பாய் பதிஞ்சாரு சார்" என்று போலீஸ் வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சொன்னார். நான் கீழே பார்த்தேன்.

ப்ராஜெக்ட் மேனேஜர் சென்னைக்காரர். கத்தாத மனிதர். மாலையில் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார்.

"பதிஞ்சிருக்கார் சார். தேதி, நேரம், உங்க சைன், எல்லாம் பக்காவா இருக்கு."

நான் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"ஆனா மேல பாருங்க. ஆட்டுப் படம், ஜப்பான். கீழ பாருங்க. என்னமோ கவிதை, அர்ஜென்டினா. இது ஆபீஸ் ரெஜிஸ்டரா, ரசிகர் மன்ற நோட்டா?" மெல்லச் சிரித்தார். "நீங்க லிட்ரேச்சர் படிச்சவரு. ஒரு மெமோ எழுதுங்க. இது அவரோட பர்சனல் ஹாபி, கம்பெனி ரெக்கார்டே கெடையாதுன்னு. கலாஸ், அதோட முடிஞ்சுது." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க விசா பேப்பர் என் டேபிள்ல இருக்கு சார். நாளைக்கு சைன் பண்ணிடறேன்."

மெமோ எழுத எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நல்ல ஆங்கிலம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இந்தப் பதிவேடு ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் ரசிகர் தொகுப்புக்காக இன்னார் சொந்தமாக வைத்திருந்தது, இதிலுள்ள எந்தப் பதிவும் கம்பெனிக்குக் கடிதம் வந்ததற்குச் சான்று ஆகாது, கம்பெனியின் பிரிண்டரையும் இணையத்தையும் அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறார், புரியாத மொழியில் வெளிநாடுகளுக்குக் கோப்புகள் அனுப்பியிருக்கிறார். "இன்னார்" என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயரை எழுதினேன். அவர் பிரியமாக வைத்திருந்த ஒரே விஷயத்தைக் கொண்டே அவரைப் பொய்யராக்கினேன்.

புரியாத மொழி, வெளிநாட்டுக் கோப்பு. அந்த இரண்டு சொற்றொடர்களும் அங்கே உளவாளி என்ற சந்தேகத்துக்குப் போதும் என்று தெரிந்தேதான் எழுதினேன். போலீஸுக்குப் போகாமல் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புவதே தயவு என்று மேனேஜர் அவரிடம் சொன்னார்.

போகிற அன்று, மற்றவர்களிடம் விடைபெற்றுவிட்டுக் கடைசியாக என் கேபினுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சார், உங்க மெமோ எனக்கு வந்துச்சு. வந்துச்சுன்னு சைன் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப என்னோட லெட்டர் ஒண்ணு உங்களுக்கு. இருநூத்திப் பன்னெண்டு எங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன். வாங்கிக்கிட்டேன்னு மட்டும் ஒரு சைன் போடுங்க. பதில்கூட வேணாம்."

"எடுத்துட்டுப் போங்க காக்கா" என்றேன். மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"அந்த ஃபோர்மேன் உள்ள இருக்கார் சார்."

"எடுத்துட்டுப் போங்க."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டே, எழுதுவதை எனக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். "வாங்க மறுத்தார். பதினொண்ணு நாப்பது." பிறகு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபோர்மேன் ஏழு மாதம் வழக்கில் கிடந்து ஊர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆளைக் கொன்ற ஃபோர்மேன் என்பது அவருக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். தொலைபேசி அடித்தால் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்வேன். பிறகு திருச்சிக்கு வந்தோம். மனைவி போய்விட்டாள். அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு கூரியர் வந்தது. தடித்த புத்தகம். சாம்பல் நிற அட்டையில் ஜப்பான் நர்ஸின் ஆடு. அனுப்பியவர் காக்கா.

தொகுப்பு வெளிவந்துவிட்டது. எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி. ரெஜிஸ்டரைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டாலும் ஸ்டாம்ப் அடித்த ஒவ்வொரு தாளின் படமும் அவர் கைபேசியில் இருந்திருக்கிறது. ரெஜிஸ்டரே பொய் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் படங்களை அன்று யார் சான்றாக எடுத்திருப்பார்கள்? நம்பர் வரிசையிலேயே அச்சிட்டிருந்தார். நூற்று எண்பத்தேழில் என் ஆட்டுப் பாட்டுக் கட்டுரை, ஒரு எழுத்து மாறாமல். அதைப் படிக்காமலே பக்கங்களைத் தள்ளினேன். கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கான்கிரீட் அறிக்கைகள் எதுவும் இல்லை. அந்த நம்பர்களை விட்டிருந்தார். ஆனால் இருநூற்றுப் பதினொன்றில் ஆடு. பதின்மூன்றில் கவிதை. நடுவில் ஒரு முழுப் பக்கம். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள், மண் பட்ட விரல் தடம், வளைந்த ஸ்டாம்ப். அடியில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "இது குழுவைப் பற்றியது அல்ல. இந்தத் தொகுப்புக்காக வந்ததும் அல்ல. ஆனால் வந்தது."

பாட்டு புஸ்தகத்துல சேத்துடாதீங்க என்று ஃபோர்மேன் சிரித்தது காதில் கேட்டது. நான் ஷ்ரெடரில் விட்ட தாள் வேல்ஸிலும் ஜப்பானிலும் அர்ஜென்டினாவிலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. புத்தகத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. பெற்றுக்கொண்டேன், பெயர், நாள், கையொப்பம். இரண்டையும் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பதினான்கு மாதம். பீரோவைத் திறக்க வேண்டிய ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டே திறந்தேன்.

சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. வேல்ஸ் பஸ் டிரைவர். எண்பத்தொரு வயதாம். தொகுப்பின் கடைசியில் எழுதியவர்களைப் பற்றிய குறிப்பில் நான் தமிழன் என்று படித்திருக்கிறார். "இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பரில் இருப்பது உங்கள் மொழி என்று நினைக்கிறேன். எங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. தொகுப்பாசிரியரைக் கேட்டால், அது உங்களிடம் கொடுத்த வேலை என்கிறார். அது ஒரு பாட்டாக இருக்கும் என்று என் பேத்தி சொல்கிறாள். தயவுசெய்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருவீர்களா?"

அதே வேலை. அதே தாள். மறுபடியும் என் ட்ரேயில்.

இந்தத் தடவை உட்கார்ந்து செய்தேன். ஆறு வாக்கியங்கள், பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் புதன்கிழமை செய்திருந்தாலும் பத்து நிமிடம்தான் பிடித்திருக்கும். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பிறகு இன்னொரு தாளில், தலைப்பில் என் முகவரியோடு, நடந்ததை எழுதினேன். கடிதம் வந்தது. என்னிடம் கொடுக்கப்பட்டது. நான் படிக்கவில்லை. பிறகு அழித்தேன். பதிவேடு பொய் என்று நான் எழுதிய மெமோதான் பொய். கையெழுத்துப் போட்டேன். சீட்டில் நாள் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் புத்தகம் வந்த நாளையே எழுதினேன், பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. எல்லாவற்றையும் படம் எடுத்துக் காக்காவின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். மொழிபெயர்ப்பை வேல்ஸுக்கும் அனுப்பினேன்.

அன்றைக்கே பதில் வந்தது. காக்கா அல்லவா. என் தாளின் படம், அதன் மேல் ஊதா மையில் ஸ்டாம்ப். தேதி, நேரம், சின்னக் கையெழுத்து. நம்பர் முந்நூற்று நாற்பத்தொன்று. அந்த வரிசை இன்னும் மூடப்படவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் இல்லை. கீழே இரண்டு வரிகள் மட்டும்:

"வந்தது.

நகல் ஒன்று ஃபோர்மேனுக்கு அனுப்பப்பட்டது."

ஃபோர்மேனின் ஊரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் வந்துவிடலாம். இரண்டு வாரமாக வாசலில் மணி அடித்தால் மகனை அனுப்புவதில்லை. நானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறேன்.